படுவான்கரைக்கு மேலே: மாணவ விமானியும் வான்வெளி வரைபடமும்

மட்டக்களப்பில் திசை சொல்லத் திசைகாட்டி தேவையில்லை. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நீளும் மணல் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. பொழுது எழும் கரை, பொழுது படும் கரை. தோணியில் அக்கரை போகும் சிறுபிள்ளைக்குக்கூட, தான் எங்கே நிற்கிறோம் என்பது இந்த இரண்டு சொல்லில் விளங்கிவிடும். 56 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்ப்பரப்பை நடுவில் வைத்து, மாவட்டம் முழுவதையும் மனதுக்குள்ளேயே வரைபடமாக்கி வைத்திருக்கிறார்கள் நம் மக்கள்.

அந்த வரைபடத்தோடு வளர்ந்த பிள்ளை விமானம் ஓட்டப் படிக்கப் போனால், தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தரையிறக்கம் பழகப் பழக வந்துவிடும். வானொலியில் பேசுவதும் வாயில் படிந்துவிடும். வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டு, “இங்கே, 3,500 அடி உயரத்தில், நான் எந்த வான்வெளியில் இருக்கிறேன்? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? எதிரே வரும் விமானத்திலிருந்து என்னை விலக்கி வைப்பது யார்?” என்று கேட்டால்தான் பலருக்கு நா எழுவதில்லை. ஆறும் குளமும் கண்ணுக்குத் தெரியும். வான்வெளியின் வேலி கண்ணுக்குத் தெரியாது. அது சட்டத்தில் எழுதப்பட்ட வேலி.

இந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது, எப்படிக் கற்பித்தால் தீரும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். என் எண்ணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வான்வெளியை எழுத்து அட்டவணையாக மனப்பாடம் செய்ய வைப்பதுதான் தவறு. தனக்குப் பழக்கமான ஒரு நிலத்தை எடுத்து, அதன் தரையிலிருந்து மேல்நோக்கி அடுக்கடுக்காகப் படித்தால் இந்தப் பாடம் இலகுவாகும். அதற்கு மட்டக்களப்பு வாவியைப் போல வாய்ப்பான இடம் இலங்கையில் வேறு இருக்குமா என்பது ஐயமே.

முதலில் தாளை எடுப்போம். 1944 டிசம்பர் 7ஆம் நாள் சிக்காகோவில் கையெழுத்தான உடன்படிக்கைதான் இன்றைய உலகப் பறப்பு விதிகளுக்கெல்லாம் வேர். அதன் 4ஆம் இணைப்பு, வரைபடங்களில் என்ன இருக்க வேண்டும், எந்தக் குறியில் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. தரையைக் கண்ணால் பார்த்துப் பறப்பவருக்கு அது வகுத்திருக்கும் முக்கியமான அளவுத்திட்டம் 1:500,000. தாளில் ஒரு சென்ரிமீட்டர், நிலத்தில் 5 கிலோமீட்டர். அந்த அளவில் நம் வாவி 11 சென்ரிமீட்டர் நீளம், கிட்டத்தட்ட உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விமான நிலைய ஓடுபாதையோ 3 மில்லிமீட்டர், ஒரு நெல்மணியின் பாதி. கல்லடிப் பாலம் பென்சில் முனைக்குள் மறைந்துவிடும். ஆகவே இந்தத் தாளில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது பெரிய முடிவு. அந்த முடிவின் காரணம் புரியாத மாணவருக்குத் தாள் வெறும் வண்ணக் குழப்பமாகவே தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் பிரித்தானியாவின் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடித்தன. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதல் கப்பல் அது. அன்றைக்கு அதன் தளத்தில் ஒரு விமானமும் இருக்கவில்லை. அந்தச் சிதைவு இன்றும் கடலடியில் கிடக்கிறது. கடலோடியின் வரைபடத்துக்கு அது வேண்டும், நங்கூரம் சிக்கும். விமானியின் வரைபடத்துக்கு அதனால் பயனில்லை. மாறாகப் பாலமீன்மடுவில் 1913இல் கட்டப்பட்ட 28 மீட்டர் உயர வெளிச்சவீடு விமானிக்குப் பயன்படும். வாவி கடலோடு கூடும் முகத்துவாரத்தின் பக்கத்தில் அது நிற்கிறது. வெள்ளைத் தூண், கீழே மணல், இருபுறமும் தண்ணீர். தொலைவிலிருந்தே அடையாளம் பிடிக்கலாம். மீனவர் கடலில் நின்று கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் கொண்டுவந்து தான் நிற்கும் இடத்தைக் கணிப்பதைப் போல, விமானியும் இரண்டு மூன்று அடையாளங்களைச் சேர்த்துத்தான் இடத்தை உறுதி செய்ய வேண்டும். ஒற்றை அடையாளத்தை நம்பியவர்கள் வழி தவறியிருக்கிறார்கள்.

வாவியில் அப்படிச் சேர்த்துப் படிக்க நிறையவே இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்காகக் கல்லடி, மண்முனை, பட்டிருப்பு என்று மூன்று பாலங்கள் வாவிக்குக் குறுக்கே வரும். நகரத்தோடு வந்து முடிந்துவிடும் தொடருந்துப் பாதை உண்டு. பாதை முடியும் இடம் மிக நல்ல அடையாளம். அப்படி முடிகிற இடம் வேறெங்கும் பக்கத்தில் இல்லை. மேற்கே உன்னிச்சைக் குளமும் உறுகாமமும், தென்மேற்கே நவகிரியும் இருக்கின்றன. வடமேற்கே குடும்பிமலை 500 மீட்டரைச் சற்றே தாண்டித் தனியாக எழுந்து நிற்கும். சமநிலத்துக்கு நடுவே தனித்து நிற்கும் மலை, கலங்கரை விளக்கத்துக்குச் சமம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. இதை மட்டக்களப்பாருக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர் மாணவருக்குச் சொல்ல வேண்டும். நீர் நிலைக்காது. வரைபடம் குளத்தை நிறைகுளமாக நீல நிறத்தில் காட்டும். ஆவணியில் போய்ப் பார்த்தால் அந்த நீலத்தின் பாதி புல்வெளியாக இருக்கும், மாடு மேயும். மார்கழி வெள்ளத்தில் பார்த்தால் வயலெல்லாம் குளமாகிக் கரையே தெரியாது. முகத்துவாரம் ஒரு பருவத்தில் மணலால் மூடிக் கிடக்கும். மழை மிஞ்சினால் வெட்டி விடுவார்கள். தாளில் இருக்கும் கரைக்கோடு ஒரு நாளின் கோடு மட்டுமே. குளத்தின் நீரைப் பார்த்து இடம் கணிக்காமல் அணைக்கட்டைப் பார்த்துக் கணிக்க வேண்டும். அணைக்கட்டு நேர்கோடாக, பருவம் மாறினாலும் மாறாமல் கிடக்கும்.

நிலப் பகுதியைப் பொறுத்தவரை இவ்வளவு போதும். கண்ணுக்குத் தெரிவதைப் படிக்க நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இனிக் கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கு வருவோம்.

இலங்கையும் அதைச் சூழ்ந்த பெருங்கடற்பரப்பும் சேர்ந்து கொழும்புப் பறப்புத் தகவல் பிராந்தியம் எனப்படும். வடக்கே சென்னை, மேற்கே மாலே, தென்கிழக்கே வெகுதொலைவில் மெல்பேர்ண் பிராந்தியங்கள் அதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மட்டக்களப்புக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் தெரியும் வானமெல்லாம், வங்கக் கடலில் நெடுந்தூரம் வரை, இந்தப் பிராந்தியத்துக்குள்தான். பெரிய பிராந்தியம், அதற்குள் கட்டுப்பாட்டுப் பகுதிகள், அவற்றுக்குள் விமான நிலையங்களைச் சுற்றிய கட்டுப்பாட்டு வலயங்கள் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் பெட்டிகள். வலயம் தரையிலிருந்து தொடங்கும். பகுதி தரையைத் தொடாது. ஒரு குறிப்பிட்ட உயரத்தில் தொடங்கி மேலே போகும். இந்த ஒரு வேறுபாடு விளங்கினால் பாதிப் பாடம் முடிந்தது. பரணுக்கும் தூணுக்கும் உள்ள வேறுபாடுதான் இது. பரணுக்குக் கீழே நடமாடலாம். தூணைச் சுற்றித்தான் போக வேண்டும், அல்லது உரியவரிடம் கேட்டு உள்ளே போக வேண்டும்.

அடுத்து வகுப்புகள். ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்துகள். இங்கேதான் மாணவர் அட்டவணையை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் உருப்போடுகிறார்கள். தேர்வுக்கு வரும், வானத்தில் வராது. ஏழு எழுத்துகளும் ஒரே கேள்விக்கான ஏழு விடைகள் என்று யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் இவ்வளவு பாடு இருக்காது. அந்தக் கேள்வி: உன்னையும் மற்ற விமானத்தையும் விலக்கி வைக்கும் பொறுப்பு யாருடையது?

ஏ வகுப்பில் கருவிகளை நம்பிப் பறப்பவருக்கு மட்டுமே இடம், எல்லோரையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் விலக்கி வைப்பார். கண்ணை நம்பிப் பறக்கும் மாணவருக்கு வாசல் மூடியிருக்கும். பி வகுப்பில் இரு சாராரும் போகலாம், எல்லோரையும் எல்லோரிடமிருந்தும் அவரே விலக்கி வைப்பார். சி வகுப்பில் கருவி விமானத்திடமிருந்து உன்னை விலக்குவார். உன்னைப் போலக் கண்ணை நம்பிப் பறக்கும் இன்னொருவர் வந்தால் தகவல் மட்டும் சொல்வார். டி வகுப்பை ஆறுதலாகப் பார்க்க வேண்டும், அதற்கு வருகிறேன். ஈ வகுப்பில் கண்ணை நம்பிப் பறப்பவர் அனுமதியும் வானொலியும் இல்லாமலே நுழையலாம். எஃப் ஆலோசனை மட்டும் கிடைக்கும் இடைக்கால ஏற்பாடு. ஜியில் கேட்டால் தகவல் உண்டு, மற்றதெல்லாம் உன் கண்.

இனி டி. மாணவர் மிகவும் தவறாக விளங்கிக்கொள்ளும் எழுத்து இதுதான். டி வகுப்புக்குள் நுழைய அனுமதி வேண்டும், விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே, “கோபுரம் என்னைப் பார்த்துக்கொள்கிறது, எதிரே விமானம் வந்தால் அவர்களே விலக்கிவிடுவார்கள்” என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அது பொய்யான நிம்மதி. டி வகுப்பில் கட்டுப்பாட்டாளர் கருவி விமானங்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைப்பார். கண்ணை நம்பிப் பறக்கும் உன்னை அவர் யாரிடமிருந்தும் விலக்கி வைக்கக் கடமைப்பட்டவர் அல்லர். “உனக்கு இடப்பக்கம் ஒரு விமானம் இருக்கிறது” என்று சொல்வார். தேடிக் கண்டுபிடித்து விலகிப் போவது உன் வேலை. அனுமதி கிடைத்தது வேறு, பாதுகாப்புக் கிடைத்தது வேறு. இதை மட்டும் ஒரு மாணவர் நெஞ்சில் பதித்துக்கொண்டு போனால், மற்ற ஆறு எழுத்தையும் பிறகு ஆறுதலாகப் படிக்கலாம் என்பேன்.

இன்னொரு குழப்பம் அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பகுதி அமெரிக்கர் செய்தவை. தரமானவைதான். ஆனால் அவர்கள் காட்டும் தலைகீழ்க் கலியாணக் கேக்கு போன்ற பி வகுப்பு, நீலக் கோடு, ஊதாக் கோடு எல்லாம் அமெரிக்க வரைபடத்தின் வழக்கம். அமெரிக்கா எஃப் வகுப்பை வைத்துக்கொள்ளவே இல்லை. எந்த வகுப்பை எங்கே வைப்பது, எதை வைக்காமலே விடுவது என்பது அந்தந்த நாட்டின் முடிவு. இலங்கையின் முடிவு, இலங்கை வெளியிடும் வான்பறப்புத் தகவல் தொகுப்பில் இருக்கிறது. அது 28 நாள் சுழற்சியில் திருத்தப்படும். மட்டக்களப்பு வலயத்தின் ஆரமும் உச்ச உயரமும் என்ன என்று ஒரு மாணவர் கேட்டால், நான் எண்ணைச் சொல்லிக் கொடுக்க மாட்டேன். பறக்கப் போகும் நாளில் நடைமுறையில் உள்ள பக்கத்தைத் திறந்து காட்டு என்பேன். மனப்பாடம் செய்த எண் ஒரு நாள் காலாவதியாகும். பக்கத்தைத் திறக்கும் பழக்கம் காலாவதியாகாது.

இப்போது உயரம். வான்வெளியின் ஒவ்வொரு பெட்டிக்கும் அடித்தளமும் கூரையும் உண்டு. அவற்றை மூன்று விதமாக அளக்கிறார்கள்: காலுக்குக் கீழே உள்ள தரையிலிருந்து, சராசரிக் கடல் மட்டத்திலிருந்து, 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற நியம அமுக்கத்தை அடிப்படையாகக் கொண்ட பறப்பு மட்டமாக. மட்டக்களப்பு விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். ஆகவே வாவிக்கு மேலே முதல் இரண்டு அளவும் ஒன்று போலவே இருக்கும். 1,000 அடி என்றால் தரையிலிருந்தும் 1,000, கடலிலிருந்தும் 1,000. இங்கேயே பறந்து பழகியவருக்கு இரண்டும் வேறு என்பதே மறந்துபோகும். அதே பழக்கத்தோடு நுவரெலியாப் பக்கம் போனால்? நகரமே கடல் மட்டத்துக்கு மேலே 6,100 அடியில் இருக்கிறது. மானி 6,500 காட்டும்போது தேயிலைச் செடி 400 அடி கீழே இருக்கும். சமநிலத்துப் பிள்ளைகள் மலைநாட்டுக்குப் பறக்குமுன் தாளில் ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அது எதிலிருந்து அளந்தது என்று பென்சிலால் எழுதிப் பழக வேண்டும். சலிப்பான வேலைதான். செய்யத்தான் வேண்டும்.

மூன்றாவது அளவை விளக்கப் புத்தகத்தைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. விமானம் நிறுத்திய இடத்திலேயே நிற்கட்டும். காலை பத்து மணிக்கு உயரமானியைத் தரையின் உயரத்துக்குச் சரிசெய்து வைத்துவிட்டுப் போங்கள். யாரும் தொட வேண்டாம். பின்னேரம் நான்கு மணிக்கு வந்து பாருங்கள். முள் 80, சில நாட்களில் 100 அடி கூடுதலாகக் காட்டும். விமானம் ஓர் அங்குலமும் நகரவில்லை. வெப்பவலயத்தில் காற்றமுக்கம் காலை பத்து மணியளவில் ஏறி, பின்னேரம் நான்கு மணியளவில் இறங்கும். வித்தியாசம் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 27 அடி. உயரமானி அளப்பது உயரத்தை என்று நினைத்துக்கொண்டிருந்த மாணவருக்கு அந்த முள்ளைப் பார்த்த கணத்தில் விளங்கிவிடும், அது அளப்பது அமுக்கத்தை மட்டுமே. வாவி அலை இறங்கி ஏறுவதைப் போலக் காற்றும் ஒரு நாளைக்கு இருமுறை இறங்கி ஏறுகிறது. பறப்பு மட்டத்தில் குறித்த வான்வெளிக் கூரைகளும் அதோடு சேர்ந்து அசைகின்றன.

காற்றைப் பற்றிச் சொல்ல வந்ததால் ஓடுபாதையைச் சொல்லாமல் விட முடியாது. வாவிக்கு மேற்கே திமிலதீவுப் பக்கத்தில் இருக்கும் மட்டக்களப்பு விமான நிலையம் 1958இல் திறக்கப்பட்டது. ஏர் சிலோன் விமானங்கள் வந்துபோயின. 1983இல் அது விமானப்படையின் கைக்குப் போனது. போர்க்காலம் முழுக்க வாவிக்கரை மக்களுக்கு அந்த வேலிக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. 2016இல் ஓடுபாதையைப் புதுப்பித்துத் திறந்தார்கள், 2018இல் சிவில் பறப்புக்கு வழிவிட்டார்கள். அந்த ஓடுபாதையின் பெயர் 06/24. ஒரு முனையிலிருந்து ஓடினால் காந்தத் திசை ஏறத்தாழ 060 பாகை, மறுமுனையிலிருந்து 240. அதாவது வடகிழக்கும் தென்மேற்கும். மட்டக்களப்பாருக்கு இந்த இரண்டு திசைக்கும் வேறு பெயர் உண்டு: ஒன்று வாடை வரும் திசை, மற்றது கச்சான் வரும் திசை. விமானம் காற்றுக்கு எதிராகவே ஏறவும் இறங்கவும் வேண்டும். மாரியில் வாடை வீசினால் 06, மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் அடித்தால் 24. ஓடுபாதை எண்ணை ஒரு பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. பாட்டியிடம் கேட்டாலே போதும்.

கச்சானை விமானி தனியாகப் படிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறி மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது வறண்டு சூடேறுகிறது. வயல் வெடிக்கும், உதடு வெடிக்கும். வானம் தெளிவாக, கண்ணுக்கு 20 கிலோமீட்டர் தெரியும். தெளிவாக இருக்கிறதே என்று மாணவர் ஏறினால், நடுப்பகலில் படுவான்கரைக்கு மேலே விமானம் குண்டும் குழியுமான கிறவல் வீதியில் ஓடும் மோட்டார் சைக்கிளைப் போலக் குலுங்கும். இது எந்த வரைபடத்திலும் இல்லை. இருக்கவும் முடியாது.

வரைபடத்தில் சிவப்பாகவோ கோடு போட்டோ அடைத்திருக்கும் பகுதிகள் மூன்று வகை. தடை செய்யப்பட்ட பகுதிக்குள் பறக்கவே கூடாது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதிக்குள் சொன்ன நிபந்தனையோடு போகலாம். ஆபத்துப் பகுதி, உள்ளே இன்ன நேரம் ஆபத்தான வேலை நடக்கலாம் என்று எச்சரிப்பது. இலங்கையில் அவற்றின் பெயர் வி, சி என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும், நாட்டின் முன்னெழுத்து அது. அடுத்த எழுத்து வகையைச் சொல்லும், பிறகு இலக்கம். கற்பிட்டியில் விமானப்படையின் சுடுபயிற்சிக் களம் இருப்பது பலருக்குத் தெரியும். கிழக்கில் சீனக்குடாவில் விமானப்படைப் பயிற்சிக் கழகம் இருக்கிறது, அங்கே எந்நேரமும் மாணவ விமானிகள் பறந்துகொண்டிருப்பார்கள். வடக்கே அதுவும், தெற்கே அம்பாறைப் பக்கத்துக் கல்லோயா ஓடுபாதையும், நடுவில் மட்டக்களப்பும். வாவிக்கு மேலே வானம் வெறுமையாகத் தோன்றுவது தோற்றம்தான்.

தாளில் அச்சிடாத பகுதிகளும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏவூர்தி துருவப் பாதைக்கு ஏவப்படும்போது, இலங்கை நிலத்துக்கு மேலே போகாமலிருக்க முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே வளைந்து திரும்பும். அந்த வளைவு நம் கிழக்குக் கடலுக்கு அப்பால்தான். எரிந்து கழன்ற பாகங்கள் விழக்கூடிய கடற்பரப்பை அந்த நேரத்துக்கு மட்டும் ஆபத்துப் பகுதியாக அறிவிப்பார்கள். குலசேகரன்பட்டினத்தில் 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டிய புதிய ஏவுதளம் வேலைக்கு வந்தால் சிறிய ஏவூர்திகள் இந்த வளைவு இல்லாமல் நேரே தெற்கே போகலாம். இத்தகைய தற்காலிகச் செய்திகள் நோட்டாம் என்ற அறிவிப்பில் வரும். ஓடுபாதையில் பழுதுபார்ப்பு, அணைந்த விளக்கு, புதிதாக எழுந்த தொலைத்தொடர்புக் கோபுரம் எல்லாம் அதிலேதான். வரைபடம் அச்சான நாளுக்கும் நீ பறக்கும் நாளுக்கும் இடையில் உலகம் எப்படி மாறியிருக்கிறது என்று சொல்லும் ஒரே தாள் அது. அதைப் படிக்காமல் ஏறுபவர் பழைய பத்திரிகையைப் பார்த்துப் பஸ்ஸுக்குப் போகிறவர்.

இனி ஒரு பயணத்தைத் தாளில் போட்டுப் பார்ப்போம். 1935 நவம்பரில் சென்னைப் பறப்புக் கழகத்தின் ஆசிரியர் ஒருவர் ஒரு சின்ன புஸ் மொத் விமானத்தைக் கொண்டுவந்து இறக்கிய இரத்மலானைதான் இன்றும் இலங்கையின் பயிற்சிப் பறப்புக்குத் தாய்வீடு. அங்கே படிக்கும் மட்டக்களப்புப் பிள்ளை ஒருவர், ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டு ஊருக்குப் பறக்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு புள்ளியையும் நூலால் இணைக்கட்டும். 1:500,000 தாளில் 44 சென்ரிமீட்டர். அதாவது 220 கிலோமீட்டர், 119 கடல் மைல். உண்மை வடக்கிலிருந்து திசை ஏறத்தாழ 064 பாகை. காந்த ஊசி இலங்கையில் இரண்டு மூன்று பாகை மேற்கே விலகுவதால் அதைக் கூட்டினால் 066 வரும். கிழக்கு நோக்கிய பயணம். கண்ணை நம்பிப் பறப்பவர் ஒற்றை ஆயிரத்தோடு ஐந்நூறு சேர்த்த உயரம் எடுக்க வேண்டும்: 5,500, 7,500, 9,500.

எதை எடுப்பது? நூலைப் பாருங்கள். அது கண்டிக்குச் சற்றுத் தெற்கே மலைக்குள் நுழைந்து, மகியங்கனைக்கு அருகே வெளியேறுகிறது. இடப்பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர், உச்சி 6,250 அடி. வலப்பக்கம் 15 கடல் மைலில் பீதுருதாலகால, 8,281 அடி. 5,500 அடி என்பது மலைகளுக்கு நடுவே போகும் உயரம், அது கழிந்தது. 7,500இல் நக்கிள்ஸைத் தாண்டலாம், ஆனால் தெற்கே வழுவினால் எதிரே இருக்கும் மலை உன்னைவிட உயரம். 9,500 எடுக்கலாம், சின்ன விமானம் மூச்சு வாங்கி ஏறும். அதோடு முகிலிலிருந்து மேலும் கீழும் 1,000 அடி, பக்கவாட்டில் 1,500 மீட்டர் விலகி, 5 கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. மலைநாட்டில் வெயில் ஏற ஏற முகில் கட்டிவிடும். ஆகவே காலையிலேயே புறப்பட வேண்டும், இல்லையென்றால் மலையைச் சுற்றி வடக்குச் சமநிலத்தால் போக வேண்டும். நேர்கோட்டிலேயே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாணவர் இந்த முடிவைத் தானே எடுக்க, ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான் உண்மையான பாடம்.

புறப்படும்போதே வான்வெளி வந்துவிடும். இரத்மலானைக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையே 40 கிலோமீட்டர்தான். தலைக்கு மேலே பெரிய விமானங்கள் இறங்கும் பகுதியின் பரண், சுற்றிலும் வலயம். இங்கே ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறேன். வரைபடத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதே 44 சென்ரிமீட்டர் கோட்டை அடித்தளமாகப் போட்டு, மலையைப் பக்கவாட்டில் வரையுங்கள். அதன் மேலே ஒவ்வொரு வான்வெளிப் பெட்டியையும் அதன் அடித்தளத்திலும் கூரையிலும் வரையுங்கள். பிறகு உங்கள் பறப்பைச் சிவப்புக் கோடாகப் போடுங்கள். கோடு எந்தெந்தப் பெட்டியை எத்தனையாவது நிமிடத்தில் வெட்டுகிறது என்று பார்க்கலாம். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் மூன்று மாதம் புரியாதது, இந்தப் பக்கப் படத்தில் ஒரு மாலையில் புரிவதைக் கண்டிருக்கிறேன்.

கைக்கணினித் திரை இதையெல்லாம் தானாகவே வரைந்து தருகிறதே என்று கேட்பார்கள். தருகிறது, நன்றாகவே தருகிறது. திருத்தங்களும் உடனே வந்துவிடுகின்றன. உரிமம் பெற்ற பிறகு அதைப் பயன்படுத்தாதவர் அறிவில்லாதவர். ஆனால் படிக்கும் காலத்தில் திரையில் ஊரும் அம்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர் வெளியே பார்க்க மாட்டார். டி வகுப்பிலும் ஜி வகுப்பிலும் அவரைக் காப்பது வெளியே பார்க்கும் கண் ஒன்றுதான் என்று மேலே பார்த்தோம். முதலில் தாள், பிறகு திரை.

மொழியும் ஒரு தடைதான். தேர்வு ஆங்கிலத்தில், வானொலி ஆங்கிலத்தில். அது மாறப் போவதில்லை, மாறவும் கூடாது. வானத்தில் எல்லோரும் ஒரே மொழி பேசுவதுதான் உயிருக்குக் காப்பு. ஆனால் விளங்கிக்கொள்வது தாய்மொழியில் நடக்கலாம். வலயம், பகுதி, கூரை, அடித்தளம், விலக்கி வைத்தல் என்று தமிழில் ஒருமுறை விளங்கிய பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறாது. இத்துறையில் தமிழில் ஒழுங்கான ஒரு தொடக்க நூல் வாவிக்கரைப் பள்ளிக்கூடங்களின் அலுமாரியில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பயணத்துக்குத் திரும்புவோம். 90 நொட் வேகத்தில் 40ஆவது நிமிடம் விக்டோரியா அணைக்கு அருகே இருக்க வேண்டும். 60 கடல் மைல், சரியாகப் பாதி வழி. 60 மைலில் ஒரு மைல் விலகினால் ஒரு பாகைப் பிழை என்பது விமானிகளின் பழைய கணக்கு. இந்தப் பயணத்தில் அது பெருக்கல் வகுத்தல் எதுவும் இல்லாமல் அப்படியே பொருந்தும். அணை கோட்டுக்கு வலப்பக்கம் 2 கிலோமீட்டர் சொச்சத்தில் தெரிய வேண்டும். வாடைக்காலத்தில் 44ஆவது நிமிடம்தான் அது வருகிறது, அதுவும் இடப்பக்கம் ஒரு கிலோமீட்டரில் தெரிகிறது என்றால் என்ன பொருள்? எதிர்க்காற்று வேகத்தை 82 நொட்டாகக் குறைத்திருக்கிறது, இடப்பக்கக் காற்று விமானத்தை ஏறத்தாழ 2 மைல் தெற்கே தள்ளியிருக்கிறது. பிழை 2 பாகை. மீதி வழியும் அதே 60 மைல் என்பதால், பிழையை நிறுத்த 2, கோட்டுக்குத் திரும்ப 2, ஆக 4 பாகை இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஊருக்கு இன்னும் 43 நிமிடம்.

மகியங்கனை வலப்பக்கம் கழிகிறது. மலை சட்டென்று முடிந்து விந்தனைச் சமவெளி விரிகிறது. மகா ஓயா கோட்டின் மேலேயே வரும். அடுத்து உன்னிச்சை, நீர் வற்றியிருந்தாலும் அணைக்கட்டு நேராகக் கிடக்கும். அங்கிருந்து ஓடுபாதைக்கு 8 கடல் மைல், ஆறு நிமிடம். வலயத்துக்குள் நுழையுமுன் கோபுரத்தை அழைத்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அமுக்க எண்ணைக் கேட்டு மானியில் திருப்ப வேண்டும். வாடை என்பதால் 06 கிடைக்கும். எதிரே வாவி வெள்ளித் தகடாகத் தெரியும், அதற்கப்பால் எழுவான்கரையின் தென்னைகள், அதற்கப்பால் கடல். கோபுரம் ஒரு விமானத்தைப் பற்றிச் சொல்கிறது: திருகோணமலையிலிருந்து வருகிறது, 1,500 அடி, வடக்கே 5 மைல். மாணவர் தாளை மடித்து முழங்காலுக்குக் கீழே செருகிவிட்டு, இடப்பக்கக் கண்ணாடி வழியே அதைத் தேடத் தொடங்குகிறார்.